புதுப் பம்ப் போட்ட பிறகும் ஸ்டீயரிங் கனத்தால்

வணக்கம் அண்ணாச்சி. பழைய லாரிக்குப் புதிய பவர் ஸ்டீயரிங் பம்ப் மாட்டிய பிறகும், கங்கைகொண்டானில் சுமை ஏற்றித் திரும்பும்போது ஸ்டீயரிங் கனப்பதாகவும், பம்ப் முனகுவதாகவும், மெக்கானிக் அதையும் கழற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்து வெளிறியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஓஸ் பழையது என்றால் என் சந்தேகம் அதன் மேல்தான்: பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், வெடிப்பு இருந்தாலும் வண்டி ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாமல் காற்று மட்டும் உள்ளே போகும். அந்த ஓஸையும் கிளாம்பையும், பழைய பம்ப் உதிர்த்த இரும்புத்தூள் தங்கியிருக்கக்கூடிய ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, கம்பெனி கையேடு சொல்லும் ரகத்தையே ஊற்றுங்கள்.

பிறகு முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, என்ஜினை ஓட்டாமலேயே ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஆயில் விட்டு, குமிழி அடங்கிய பின் ஐடிலில் வைத்து மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். கோடியில் பிடித்து வைத்திருந்தால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறிப் பம்ப் சூடாகும், உடனே திருப்பிவிடுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் இறுக்கத்தையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் கிரீஸ் காணாத கிங்பின்னின் பழியைப் பம்ப் சுமப்பது இங்கே புதிதல்ல. பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் அதன் இறுக்கமும் முக்கியம். இத்தனைக்குப் பிறகும் கனத்தால், பிரஷர் கேஜ் வைத்துப் பம்பின் அழுத்தத்தை அளந்த பிறகே, ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸில் கை வைக்கச் சொல்லுங்கள்.