டிமென்ஷியா (ஞாபகமும் புத்தியும் கொஞ்சம் கொஞ்சமா மங்குற நோய்) வந்த அம்மா அப்பாவ பாத்துக்குற பசங்களோட கேள்வி பதில்

கேள்வி (காசிமேடு): அக்கா, நைனாவுக்கு மூணு வருசமா டிமென்ஷியா. பொழுது சாஞ்சா போதும், மீன்புடி லாஞ்சுக்கு போணும்னு கதவ புடிச்சி இழுக்கிறாரு. நேத்து கோவத்துல தள்ளி விட்டுட்டேன், அப்புறம் தூக்கமே வரல.

பதில்: தம்பி, பாசம் இல்லாதவன் தூக்கம் கெட்டு இத கேக்க மாட்டான். நீ ஓஞ்சி போயிருக்க, அதான் விஷயம். சாயங்காலத்துல பதட்டம் ஏறுறது இந்த நோய்ல சகஜம், அவரு வேணும்னு பண்ணல. "லாஞ்ச வித்து எத்தினி வருசம் ஆச்சி"ன்னு வாதாடாத, நீ ஜெயிச்சா அவரு அழுவாரு, அவ்ளோதான். "காத்து சரியில்ல நைனா, விடிஞ்சதும் போலாம், டீய குடி"ன்னு சொல்லிப் பாரு. இருட்டுறதுக்கு முன்னாடியே லைட்ட போட்டுடு, பகல்ல ரொம்ப நேரம் தூங்க விடாத. கோவம் தலைக்கேறுச்சின்னா அவரு பத்திரமா உக்காந்திருக்காரான்னு பாத்துட்டு நீ வாசல்ல போய் நில்லு. மறுபடி கை நீளுற மாதிரி இருந்தா அன்னிக்கே 14416க்கு, அதான் டெலி மானஸ்ங்குற கவர்மென்ட் மனநல ஹெல்ப்லைன், போன் போடு, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடயாது.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): அம்மாவ நான்தான் குளிப்பாட்டணும். எனக்கும் கூச்சம், அவங்களும் கத்துறாங்க.

பதில்: யாரோ ஆம்பள துணிய அவுக்குறான்னு பயந்து கத்துறாங்கப்பா, உன்ன வெறுத்து இல்ல. நைட்டியோடவே வெதுவெதுப்பா தண்ணி ஊத்து, சோப்ப அவங்க கைல குடு, பெரிய துண்ட போத்தி உள்ளயே ஈரத்துணிய உருவிடு. தெனமும் குளிக்கணும்னு இல்ல, நடுவுல தொடச்சி விட்டாலும் போதும்.

கேள்வி (திருவொற்றியூர்): ரெண்டு நாளா திடீர்னு அப்பா ஒளர்றாரு, நோய் முத்திடுச்சா?

பதில்: இப்டி திடீர்னு ஆனா வீட்ல வெச்சிருக்காத, இன்னிக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போ. யூரின் இன்பெக்‌ஷனா இருக்கலாம், தண்ணி பத்தாம இருக்கலாம், புது மாத்திரையால இருக்கலாம், ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம். சாப்புடுற மாத்திரை எல்லாத்தயும் கவர்ல போட்டு எடுத்துக்கோ.

கேள்வி (வியாசர்பாடி): அண்ணனுங்க பணம் அனுப்புறதோட சரி. அம்மா சீக்கிரம் போய் சேந்துட்டா தேவலன்னு தோணுது, பாவி மாதிரி இருக்கு.

பதில்: பாவம்லாம் இல்லப்பா, வருசக்கணக்கா பாத்துக்குறவங்க நெறைய பேருக்கு இது வருது, வெளிய சொல்றது இல்ல. ஆனா நீயே செத்துடலாம்னு தோணுச்சின்னா அது வேற, அப்ப ஒரு நிமிஷம் கூட தனியா இருக்காத, யாரயாச்சும் கூப்புடு, 14416 பேசு. அண்ணங்கிட்ட "ஒத்தாச பண்ணு"ன்னு பொதுவா கேட்டா "பாக்கலாம்"னுதான் வரும். "ஞாயித்துக்கெழம காலைல இருந்து மதியம் வரைக்கும் நீ வந்து அம்மா கூட இரு, நான் வெளிய போறேன்"னு நேரத்தோட சொல்லு. வர முடியலன்னா அந்த நேரத்துக்கு ஆள் வெக்க காச அவரே குடுக்கட்டும்.