பக்கக் கண்ணாடி அசையவில்லையா? கடற்கரைக் கார்களுக்கான கேள்வி-பதில்

கீழக்கரை வாசகர்: பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, ஸ்விட்சை அழுத்தினால் மேலும் கீழும் அசைகிறது, இடவலமாக அசையவில்லை. முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் மேல்கீழ் அசைவுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று என இரண்டு சிறிய மோட்டார்கள் இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் ஒரு வயர் பொதுவாக இருப்பதால், ஒரு மோட்டார் ஓடும்போது ஃப்யூஸையும் அந்தப் பொது வயரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மிஞ்சுபவை இடவல மோட்டார், அதற்கு வரும் தனி வயர், ஸ்விட்சுக்குள் இருக்கும் தொடுமுனை ஆகிய மூன்றுதான். கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடிக்குச் செல்லும் கனெக்டரில் மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் மீட்டர்) வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்விட்சை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு திசைக்கு 12 வோல்ட்டை ஒட்டியும், எதிர்த்திசைக்கு அதே அளவு கழித்தல் குறியோடும் காட்ட வேண்டும். மின்னோட்டத்தின் திசையை மாற்றித்தான் ஸ்விட்ச் மோட்டாரைத் திருப்பிச் சுழற்றுகிறது.

கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உப்புக்காற்றில் செப்பு இழைகள் அரித்துப்போய் ஒரேயோர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஆனால் மோட்டாரைச் சுழற்றப் போதுமான மின்னோட்டம் அதன் வழியே வராது. ஆகவே கனெக்டர் மாட்டியிருக்கும்போதே அதன் பின்புறமாக முனையைத் தொட்டு அளந்து பாருங்கள். ஸ்விட்சை அழுத்தியதும் அளவு ஐந்தாறு வோல்ட்டாகச் சரிந்தால், பெரும்பாலும் பழுது மோட்டாரில் இல்லை. வயரிலோ, பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டர் முனையிலோ, ஸ்விட்சின் தொடுமுனையிலோ இருக்கிறது. முழு வோல்ட் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் மட்டுமே கண்ணாடிக்குச் செலவு செய்யுங்கள்.

மண்டபம் வாசகர்: கதவைத் திறந்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது.

கதவுக்கும் உடற்பகுதிக்கும் நடுவே உள்ள ரப்பர் உறைக்குள், ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த வயர் ஒன்று முறிந்திருக்கிறது. மேலுறை முழுதாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம் என்பதால், ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள்; அறுந்தது ரப்பர்போல் நீளும். முறுக்கி டேப் சுற்றும் வேலை நம் ஊர்க் காற்றுக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிமனுள்ள வயரை இணைத்து, ஈயப் பற்றுவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். இணைப்புகள் மடங்கும் இடத்தில் அமையக் கூடாது. பற்றுவைத்த வயர் விறைத்து, அங்கேயே மறுபடி முறியும்.

இராமேஸ்வரம் வாசகர்: இரண்டு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன, போன் சார்ஜர் சாக்கெட்டும் வேலை செய்யவில்லை.

பல கார்களில் இவற்றுக்கு ஒரே ஃப்யூஸ்தான். அதே ஆம்பியர் அளவுள்ள புதியதைப் போடுங்கள். அதுவும் எரிந்தால் முதலில் சாக்கெட்டுக்குள் நாணயமோ உலோகத் துண்டோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஃப்யூஸைப் போட்டு வயரை எரித்துவிடாதீர்கள்.

தொண்டி வாசகர்: மோட்டார் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை.

இது மின்பழுதன்று. மோட்டாரோடு இணைந்த பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடி தன் பிடியிலிருந்து கழன்றிருக்கிறது. வயரைத் தொட வேண்டாம். கண்ணாடித் தகட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள்.