சைக்கிள் பயணத்தில் ‘மொத்த ஏற்றம்’ என்றால் என்ன? உயர்ந்த மலை இல்லாத கியான்டியில் அது ஏன் அதிகம்?

மொத்த ஏற்றம் என்பது, ஒரு வழித்தடத்தில் மேல்நோக்கி ஏறிய உயரங்களை மட்டும் கூட்டினால் கிடைக்கும் அளவு. இறங்கியது அதில் கழிக்கப்படுவதில்லை. ஆகவே புறப்பட்ட ஊருக்கே திரும்பினாலும் அது பூஜ்யமாகாது.

இத்தாலியின் டஸ்கனியில், ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடையிலுள்ள கியான்டி குன்றுகள் 900 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் அவ்விரு நகரங்களும் இடைக்காலத்தில் இந்த நிலத்துக்காக நெடுங்காலம் மோதிக்கொண்டதால், எதிரியின் வரவைத் தொலைவிலேயே காணும் பொருட்டு, ராத்தா போன்ற ஊர்களும் ப்ரோலியோ போன்ற கோட்டைகளும் மேடுகளின் மேல் அமைந்தன. அவற்றை இணைக்கும் சாலைகளோ பள்ளத்தாக்குக்கு இறங்கி, மறுபடி ஏறி, மீண்டும் இறங்குகின்றன. துணி காயவைக்க ஒரே நாளில் பத்து முறை மொட்டைமாடிக்குப் போகிறவர் வீட்டின் உயரத்தைத் தாண்டுவதில்லை. கால்களுக்கு மட்டும் அது பத்து வீட்டு உயரம். இப்பகுதிக்குத் திட்டமிடுவோர் தூரத்தைவிட மொத்த ஏற்றத்தையே முதலில் பார்ப்பது நல்லது என்பேன்.

ஏறிய உழைப்பை இறக்கம் ஈடுசெய்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தின் பெரும்பகுதியைக் காற்றின் தடையும், கியான்டியின் வெண்ணிறச் சரளைச் சாலைகளில் தவிர்க்க முடியாத பிரேக்கும் விழுங்கிவிடுவதால், அடுத்த மேட்டை மிதித்தே ஏற வேண்டியிருக்கும்.