ஒரே அளவு மழை பெய்தும் ஒரு ஆறு கலங்கலாகவும் இன்னொன்று தெளிவாகவும் ஓடுவது ஏன்?

நீரோடு கலந்து, அடியில் படியாமல் மிதந்தபடியே போகும் நுண்மண்ணைத்தான் மிதவை வண்டல் என்கிறோம். அது எவ்வளவு வரும் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பின் சரிவு, மண்ணின் தன்மை, அதன் மேலுள்ள செடிகொடி, எல்லாமே சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஒரு கண்ணாடி டம்ளரில் மண்ணைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். மணல் சில நொடிகளில் அடியில் இறங்கிவிடும். களிமண்ணோ மறுநாள்கூட நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும், அதன் துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. ஆற்றிலும் இதே கதைதான்.

சீனாவின் மஞ்சள் ஆறு தளர்வான, காற்று கொண்டுவந்து குவித்த மண் மேட்டைக் கடந்து வருகிறது. அமேசானோடு ஒப்பிட்டால் அதில் ஓடும் நீர் மிகக் குறைவு, ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது! அப்புறம் படிக்கட்டு வயல்கள், மரம் நடுதல், அணைகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. நிலத்தைப் போர்த்தி வைத்தால் ஆறே மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரிக்கப்பட்ட மண் முழுவதும் கடலுக்குப் போய்விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஆறுகளில் பெரும்பகுதி சரிவின் அடியிலும் வெள்ளச் சமவெளியிலும் அணைகளிலுமே தங்கிவிடுகிறது.