முழு எச்டி டிவியில் எஸ்டி சேனல் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

புது முழு எச்டி டிவியில் எஸ்டி சேனல் (எச்டி அல்லாத, சாதாரணத் தெளிவு சேனல்) பழைய டிவியை விட மோசமாகத் தெரிகிறது, டிவியில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை, கவலைப்படாதீர்கள்.

உங்கள் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். எந்த சிக்னல் வந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. நம் ஊர் எஸ்டி சிக்னலில் இருப்பதோ அதிகபட்சம் 720க்கு 576. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்தில் ஒரு பங்குதான். மீதியை, டிவிக்குள் படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் ஸ்கேலர் என்ற பகுதி அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணித்து நிரப்புகிறது. கீழே ஓடும் செய்தி வரியை அருகில் போய்ப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கரைந்து, சுற்றிலும் கொசு மொய்ப்பது போல் ஏதோ துடிக்கும். ஒளிபரப்புக்காக சிக்னலைச் சுருக்கியபோது வந்த கறை அது. ஸ்கேலர் அதையும் சேர்த்தே பெரிதாக்கிவிடுகிறது. பழைய குழாய் டிவியின் சின்னத் திரையில் அது கண்ணில் படாது.

எச்டி சேனலிலும் பெரும்பாலும் 1080 வரிகளும் ஒன்றாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று நொடிக்கு 50 தடவை மாறி மாறி வரும், டிவிதான் கோர்க்கிறது. கிரிக்கெட்டில் ஓடும் வீரரின் ஓரம் சீப்புப் பல் போல் தெரிந்தால் கோர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் செட்டாப் பாக்ஸின் மூன்று வண்ண ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அப்புறம் பாக்ஸின் அவுட்புட்டை 1080க்கு மாற்றுங்கள். முகங்கள் அகலமாக இழுபட்டுத் தெரியும் சேனல்களுக்குப் படத்தின் அகல-உயர விகிதத்தை 4:3 என்று வையுங்கள்.