பாக்கெட் அதேதான், கிராம்தான் குறைவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்றும் பத்து ரூபாய்தான். எடை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்டுள்ள நிகர எடை உள்ளே சரியாக இருந்தால் குற்றமில்லை. பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று பாக்கெட் பொருள்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து, பத்து ரூபாய் பாக்கெட்டில் ஒரு ரூபாய் ஏற்றினாலும் விற்பனை அடிவாங்கும். அதனால் கோதுமை, சர்க்கரை, பாமாயில் விலை ஏறும்போது கம்பெனிகள் கிராமில் கைவைக்கின்றன. பத்து ரூபாய் பாக்கெட்டில் 100 கிராம் 85 ஆனால் 15 சதவீதம்தான் போச்சு என்று தோன்றும். கணக்குப் போட்டால் 100 கிராமுக்கு ரூ.11.76 கொடுக்கிறோம்; விலையேற்றம் 17.6 சதவீதம்.

அட்டவணை போன இடத்தில் வந்தது யூ.எஸ்.பி எனப்படும் அலகு விலை. எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். இதை அப்படியே நம்பி ஒப்பிட முடியாது. பைசாவுக்கு முழுமையாக்குவதால் கிராம் 11.5 பைசா பொருளும் 12.4 பைசா பொருளும் ‘ரூ.0.12’ என்றே இருக்கும். தவிர, அது எம்.ஆர்.பி-யை வைத்துப் போட்ட கணக்கு; கடைக்காரர் தரும் தள்ளுபடி அதில் வராது. கொடுக்கும் விலையை 100-ஆல் பெருக்கி கிராமால் வகுத்துப் பாருங்கள், 100 கிராம் விலை வந்துவிடும். பெரிய பாக்கெட்தான் லாபம் என்றும் முடிவுகட்டாதீர்கள். ஷாம்பு சாஷே பல சமயம் பாட்டிலைவிட மலிவாக இருக்கிறது.

பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், எடை குறைந்து அதனால் கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைத்தாக வேண்டும். அப்படி ஒரு விதி நமக்கும் அவசியம் வேண்டும்.

கேள்வி: சமையல் எண்ணெய் பாக்கெட் ஒன்று மற்றதைவிட எட்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் கிராமைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். கடையில் அதே அகலம், அதே உயரத்தில் 870, 800 கிராம் பாக்கெட்டும் தொங்கும். 910 கிராம் ரூ.150 என்றால் கிலோ ரூ.165. 800 கிராம் ரூ.142 என்றால் கிலோ ரூ.177.50. எட்டு ரூபாய் மிச்சம் என்று எடுத்தது கிலோவுக்குப் பன்னிரண்டரை ரூபாய் கூடுதல். கடையில் “ஒரு பாக்கெட் எண்ணெய்” என்று கேட்காமல் “ஒரு லிட்டர்” என்று கேளுங்கள்.

கேள்வி: அரை கிலோ பருப்பு பாக்கெட்டை வீட்டில் நிறுத்தால் 490 கிராம்தான் இருக்கிறது. புகார் செய்யலாமா?

பதில்: பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களா? பிரிக்காமல் கவரோடு நிறுத்தே 490 என்றால் உள்ளே அதைவிடக் குறைவு. அதே கவரைப் பிறகு தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் தனி ஒரு பாக்கெட்டில் சிறு வித்தியாசத்தை விதி அனுமதிக்கிறது: 100 கிராமுக்கு 4.5 கிராம், 500 கிராமுக்கு 15 கிராம். அந்த வரம்பைத் தாண்டினால்தான் புகார் நிற்கும். வீட்டுத் தராசு இரண்டு மூன்று கிராம் தப்பாகக் காட்டும் என்பதால், முத்திரை குத்திய கடைத் தராசில் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

முடிந்தால் அதே பேட்ச் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். பில், பேட்ச் எண், தராசில் எண் தெரியும் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடமும் கொடுக்கலாம். கடையில் போய்ச் சோதிக்கும் அதிகாரம் அவருக்குத்தான் இருக்கிறது. சோப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஈரம் காய்ந்து எடை இறங்கும்.

கேள்வி: ஹோட்டலில் பொங்கல் அளவு பாதியாகிவிட்டது. இதற்கு விதி உண்டா?

பதில்: ஒரு பிளேட் இத்தனை கிராம் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் ஹோட்டல்கள் மெனுவில் கலோரியோடு பரிமாறும் அளவையும் போட வேண்டும். அங்கே அளவைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள், குறைந்தால் மேனேஜரிடம் மெனுவைக் காட்டிக் கேளுங்கள்.