‘இருபது நிமிடத்தில் தயார்’ யாருக்கு?

கேள்வி: டிவியில் ‘இருபது நிமிடத்தில் தயார்’ என்று காட்டும் எதைச் செய்தாலும் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வெங்காயம் சிவக்கவே அரை மணி நேரம். பாதிப் பொருள் வீட்டில் இருப்பதில்லை. “அவங்க எவ்வளவு சுலபமா செய்யறாங்க பார்” என்று வீட்டில் குத்திக்காட்டுகிறார்கள். எனக்குச் சமைக்கவே வராதோ?

பதில்: நன்றாகவே வருகிறது. உங்கள் கணக்குதான் சரி, அவர்கள் கணக்குதான் இடிக்கிறது.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வற்றும் வரை வாணலியில் இருக்கும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரி அளவுக்காவது ஏற வேண்டும். யார் கிளறினாலும் இதில் குறுக்கு வழி கிடையாது. திரையில் “பொன்னிறமாக வதக்குங்கள்” என்று சொன்ன மறு நொடியே சிவந்த வெங்காயம் வருகிறதே, அது நடுவில் வெட்டி ஒட்டியது, இல்லையென்றால் முன்பே வதக்கி வைத்த இன்னொரு வாணலி. அதில் தப்பில்லை, வெங்காயம் வதங்குவதை அரை மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அந்த நேரத்தைக் கழித்துவிட்டு ‘இருபது நிமிடம்’ என்று போடுவதுதான் அநியாயம்.

அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் குட்டிக் குட்டிக் கண்ணாடிக் கிண்ணங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பதை யாரோ உரித்து, நறுக்கி வைத்திருக்கிறார்கள். கழுவப்போவதும் அவர்தான். உங்கள் வீட்டில் அந்த ‘யாரோ’வும் நீங்களேதான்! குத்திக்காட்டுகிறவரிடம் இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

ஒரு காலத்தில் இவ்வளவு பளபளப்பு இல்லை. 1963-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்த வந்த ஜூலியா சைல்ட், உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப் போட்டுத் திருப்பியபோது பாதி அடுப்பு மேலேயே விழுந்தது. எடுத்து ஒட்டவைத்துவிட்டு மேலே பேசினார். அதுவும் அப்படியே ஒளிபரப்பானது.

சரி, இனி என்ன செய்யலாம்? அவர்கள் சொல்லும் நேரத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் கவனியுங்கள். கத்தியை எப்படிப் பிடிக்கிறார்கள், மாவு என்ன பதத்தில் இருக்கிறது என்பதெல்லாம் உண்மையிலேயே பயன்படும். ஓட்டல் அடுப்பின் தீ வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் வாணலி நிறையக் கொட்டாமல் இரண்டு தடவையாக வதக்குங்கள். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துதான் போகும், சிவக்காது.

கிடைக்காத பொருளைத் தேடி அலைய வேண்டாம். அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள். புளிப்புக்கு என்றால் கையில் இருக்கும் வேறு புளிப்பு போதும். கடைசியில் மேலே தூவுவது என்றால் தாராளமாக விட்டுவிடலாம். கேக், ரொட்டி மாதிரி மாவை உப்பவைத்துச் சுடும் அயிட்டங்களில் மட்டும் முதல் தடவை அளவில் கை வைக்காதீர்கள்.